மூன்றாவது குழி

ஏப்ரல் கடைசியில் அடித்த காற்று கனடாவில் நாங்கள் இருக்கிற மில்லிக்கன் பக்கத்தில் எத்தனையோ வீட்டு வேலிகளைச் சரித்துவிட்டுப் போனது. மற்ற வீட்டுக்காரர்கள் ஆள் பிடித்தார்கள். சண்முகநாதன் மட்டும் கடைக்குப் போய், இரட்டைப் பிடி வைத்த குழிதோண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"நாலு கட்டை நடுறதுக்கு ஒருத்தனைக் கூப்பிடுறதோ? ஊரிலை நான் எத்தினை வேலி அடைச்சவன்," என்றார்.

ஊரில் அவர் அடைத்தது தென்னோலைக் கிடுகு வேலி. இரும்பு அலவாங்கால் இரண்டு குத்துக் குத்திக் கதியால் தடியை ஊன்றினால் அது பாட்டில் தளிர்த்துக்கொண்டு நிற்கும். இந்த ஊரில் அப்படி இல்லை. பனிக்காலத்தில் நிலம் உறைந்து கட்டையை மேலே தள்ளிவிடும் என்று நாலடி ஆழம் தோண்ட வேண்டும். இருபத்திரண்டு வருசம் பிளாஸ்ரிக் பாக்டரியில் நின்று முதுகைக் கொடுத்துவிட்டு ஓய்வெடுத்த மனிதருக்கு அது லேசான வேலை இல்லை. மகள் துர்க்கா பல் டொக்ரர் ஒருவரிடம் உதவியாளாக இருக்கிறவள். "அப்பா, உங்கடை பாக் போகப்போகுது, பிளீஸ் ஆரையும் ஹயர் பண்ணுங்கோ," என்று மன்றாடிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மே மாதத்து முதல் சனிக்கிழமை இரண்டு குழி முடித்தார். மூன்றாவதைப் பின் மூலையில் சீடர் மரத்தடியில் தொடங்கி, இரண்டரை அடி போனதும் மூச்சு வாங்கி உள்ளே வந்து சோபாவில் விழுந்தார். மனைவி மங்கையற்கரசி பிளேன்ரீயும் கையுமாக வெளியே போய்த் தேடிவிட்டு, ஆள் உள்ளே குறட்டை விடுவது கேட்டதும் தேத்தண்ணீரைத் தானே குடிக்கத் தொடங்கினாள். குடித்தபடி மண்குவியலைப் பார்த்தாள். அதில் ஒரு எலும்பு கிடந்தது.

அது ஆட்டெலும்பு இல்லை. சனிக்கிழமை தவறாமல் ஆட்டிறைச்சி வெட்டிக் கழுவுகிற கைக்கு அது தெரியாமல் போகாது. கோழியும் இல்லை. பாதி விரல் நீளத்தில், நடுவில் ஒடுங்கி இரண்டு நுனியும் பருத்து, தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் ஆள்காட்டி விரலை அதன் பக்கத்தில் நீட்டிப் பார்த்தாள். பிறகு எடுத்து சுவெற்றர் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏன் கத்தவில்லை, ஏன் புருசனை எழுப்பவில்லை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவளுக்குத் தில்லையம்பலம் என்று ஒரு தம்பி இருந்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவனைச் சந்திக் காவலரணில் ஆமிக்காரர் மறித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வயது. சைக்கிள் மூன்று நாள் வேலியில் சாத்திக் கிடந்தது. பிறகு அதுவும் இல்லை. தாய் முகாம் முகாமாக அலைந்து, கடைசியில் கண்ணும் தெரியாமல் செத்துப்போனாள். இப்போது ஊரில் ஒரு சுடலைக்குப் பக்கத்தில் மனிதப் புதைகுழியைக் கிண்டுகிறார்கள் என்று வாட்சப்பில் படங்கள் வருகின்றன. சின்னச் சின்னக் கொடி குத்தி, தூரிகையால் மண்ணைத் தட்டி எடுக்கிற படங்கள். மங்கையற்கரசி அவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பாள். என்ன தேடுகிறாள் என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை, தெரியும் என்பதால்.

பிணத்தை எரித்த மறுநாள் சுடலைக்குப் போய், எஞ்சிய எலும்பைப் பொறுக்கி, பால் விட்டுக் கழுவி, மண்முட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கடலில் கரைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காடாத்து என்பார்கள். ஆண்கள்தான் செய்வார்கள், பெண்கள் சுடலைப் பக்கம் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மங்கையற்கரசி குளிர்ப்பெட்டியிலிருந்த பால் பையின் மூலையை வெட்டி, ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அந்த எலும்பை அதில் கழுவினாள். மண் போகும்வரை கட்டைவிரலால் மெல்லத் தேய்த்தாள். புதிய கைலேஞ்சித் துணியில் முடிந்து, பின்வீட்டுக் குணவதியிடம் போய் வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, பஸ் மாறி மாறி றூஜ் ஆறு ஏரியில் விழுகிற கரைக்குப் போனாள். நம்மவர்கள் அஸ்தி கரைக்கிற இடம் அது. செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் அளவு தண்ணீருக்குள் இறங்கினாள். மே மாதத்துத் தண்ணீர் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. தம்பியின் பெயரைச் சொல்லி முடிச்சை அவிழ்த்தாள்.

வீட்டுக்கு வந்து தோய்ந்து முழுகினாள். அன்றையிலிருந்து சாமியறையில் விளக்குக் கொளுத்தவில்லை. அடுப்பில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் ஏறவில்லை. இருபத்தொன்பது வருசத்துக்குப் பிறகு தம்பிக்குச் சாவுத் துடக்குக் காக்கத் தொடங்கியிருந்தாள். அது ஒருவருக்கும் தெரியாது.

"என்ன மங்கை, இண்டைக்கும் கத்தரிக்காயோ?" என்று சண்முகநாதன் முனகினார். "மார்க்கம் கடையிலை விளைமீன் வந்திருக்காம்."

"டொக்ரர் உங்களைக் கொலஸ்ரரோல் குறைக்கச் சொன்னவரெல்லே. சாப்பிடுங்கோ."

"மீனிலை எங்கையப்பா கொலஸ்ரரோல்."

"அப்ப நாளைக்கு வாழைக்காய்."

அடுத்த சனிக்கிழமை மழை விட்டதும் அவர் மறுபடி மூன்றாவது குழியில் இறங்கினார். மூன்றடியில் குழிதோண்டியின் வாய் எதிலோ உரசியது. கல் என்று நினைத்துக் கையைவிட்டுத் தடவினார். தடவின கையை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி வந்தார். துர்க்கா போய்ப் பார்த்தாள். பல் பார்த்துப் பழகினவள். மேல்தாடைப் பல் வரிசையைக் கண்டதும் வேறொன்றும் யோசிக்காமல் பொலிசுக்குப் போன் அடித்தாள்.

மங்கையற்கரசி சமையலறை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றே ஒன்று, எங்கிருந்தோ வந்து சேர்ந்தது என்றுதான் அவள் அந்த எலும்பை நினைத்திருந்தாள். அதற்கு ஒரு உடம்பு இருக்கும், அந்த உடம்பு அங்கேயே கிடக்கும் என்று அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

இரண்டு பொலிஸ் கார் வந்து, மஞ்சள் நாடா கட்டி, தெருவே கூடிவிட்டது. பொலிஸ்காரன் கேட்ட சாதாரணக் கேள்விக்கெல்லாம் சண்முகநாதன் எழும்பி நின்று பதில் சொன்னார். இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டேன் என்றுவிட்டார். மரண விசாரணை அதிகாரி வந்து பார்த்து, இது நேற்றைய சாவு இல்லை, அறுநூறு எழுநூறு வருசத்துக்கு முந்தியது என்று சொன்ன பிறகுதான் மனிதர் கதிரையில் உட்கார்ந்தார். அதன் பிறகு தொல்லியல்காரர்கள் வந்தார்கள். பிரண்டன் என்ற செம்பட்டைத் தாடிப் பொடியன்தான் அவர்களுக்குத் தலைவன். வென்டாட் என்கிற ஆதிக்குடிகள் இந்த இடத்தில் ஊர்கட்டி, சோளமும் பயற்றங்காயும் பூசணியும் பயிரிட்டு இருந்தவர்கள், அவர்களுடைய சந்ததி இப்போது கியூபெக்கில் இருக்கிறது, அவர்களுக்கு அறிவித்திருக்கிறோம் என்று விளக்கினான். ஒருவரா பலரா என்று பார்க்க வேண்டும். முடிந்தவரை அசைக்காமல் இருந்த இடத்திலேயே விடுவதுதான் அவர்கள் விருப்பம், அசைந்ததை மட்டும் எடுத்துப் பார்த்து மறுபடி அதே இடத்தில் வைப்போம் என்றான்.

"அப்ப என்ரை வேலி?" என்று சண்முகநாதன் கேட்டார்.

"அப்பா," என்றாள் துர்க்கா.

அடுத்த நாள் பின்வளவு வீட்டுக் குணவதி மெதுவாக வந்து கதவடியில் நின்றாள். உள்ளே வரலாமா என்பது அவளுடைய சந்தேகம்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. வளவுக்கை பிரேதம் கிடந்திருக்கு. உங்களுக்குத் துடக்கோ? எங்களுக்குமோ? வெள்ளிக்கிழமை கோயிலிலை என்ரை உபயப் பூசை."

"எனக்கென்ன தெரியும் குணவதி. ஐயரைக் கேளும்."

"கேட்டனான். ஐயர், எழுநூறு வருசத்துக்கு முந்திச் செத்தவருக்குத் துடக்குக் கழிக்கிற முப்பத்தோராம் நாள் எப்பவோ முடிஞ்சுதம்மா எண்டார். ஆனால் அவர் சிரிச்சவரோ இல்லையோ எண்டு போனிலை விளங்கேல்லை."

மங்கையற்கரசியும் சிரிக்கவில்லை. சாமியறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குணவதிக்குக் கோப்பி போடப் போனாள்.

மங்கையற்கரசிக்கு மார்க்கம் நகரத்தில் பாண் சுடுகிற பாக்டரி ஒன்றில் வேலை. விடிய ஐந்து மணிக்குப் போய்ப் பாண் பொதி செய்கிற பெல்ற்றில் நின்றுவிட்டு மத்தியானம் இரண்டரைக்கு வீட்டுக்கு வருவாள். வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முன்னமே பின்வளவைப் பார்ப்பாள். வெள்ளைக் கூடாரம் ஒன்று மூலையில் நின்றது. அதற்குள் இரண்டு பேர் குப்புறப் படுத்து மூங்கில் குச்சியாலும் தூரிகையாலும் மண்ணை நீக்கிக்கொண்டிருப்பார்கள். வெளியே இன்னும் இரண்டு பேர், மூன்று காலில் தொங்கவிட்ட பெரிய அரிதட்டில் மண்ணைக் கொட்டி அரித்துக்கொண்டிருப்பார்கள். கூடாரத்து வாசலில் மடிப்புக் கதிரை போட்டு ஒரு மனிசி இருப்பாள். அறுபது வயதிருக்கும். நரைத்த குட்டை முடி, நீலத் தொப்பி, மடியில் குறுக்கெழுத்துப் புத்தகம். வென்டாட் ஆட்கள் சார்பில் கியூபெக்கிலிருந்து வந்தவள், பெயர் லிசெட். காலை எட்டு மணிக்கு வந்தால் அவர்கள் வேலையை நிற்பாட்டும்வரை எழும்பமாட்டாள். மழை பெய்தால் கதிரையைக் கூடாரத்துக்குள் இழுத்துக்கொள்வாள்.

நம்மவர் வீட்டு வளவில் நாலு பேர் நின்று வேலை செய்ய, சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா. மங்கையற்கரசி முதல் நாள் தேத்தண்ணீர் கொடுத்தாள், இரண்டாம் நாள் உழுந்து வடை சுட்டாள், மூன்றாம் நாள் பிரண்டன் இரண்டு மணியானதும் சமையலறை ஜன்னலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டான். லிசெட் வடையைப் பிட்டு, நடுவில் இருக்கிற துளைக்கு என்ன காரணம் என்று கேட்டாள்.

"வேகிறதுக்கு," என்றாள் மங்கையற்கரசி.

லிசெட் தலையாட்டிவிட்டு இன்னொன்று எடுத்தாள்.

நாலாம் நாள் பிரண்டன் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது சொன்னான்: ஒரே ஒரு ஆள்தான். பெண். பதினெட்டிலிருந்து இருபது வயதுக்குள். பக்கவாட்டில் முழங்காலை மடக்கிப் படுக்கவைத்திருக்கிறார்கள். குழி போன இடத்தில் தலையும் வலக்கையும் கொஞ்சம் அசைந்துவிட்டன. எல்லாம் இருக்கின்றன, வலக்கை ஆள்காட்டி விரலில் ஒரு எலும்பு மட்டும் குறைகிறது. "மண்ணுக்குள் இருக்கும், கண்டுபிடிப்போம்," என்றான் உற்சாகமாக.

மங்கையற்கரசி தட்டை வாங்கிக் கழுவத் தொடங்கினாள். கழுவின தட்டையே மறுபடி கழுவினாள்.

அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் அவர்கள் மண்குவியல் முழுவதையும் திரும்ப அரித்தார்கள். கடைசி நாள் தூறல். களிமண் அரிதட்டின் கண்ணை அடைத்துவிட, தண்ணீர் பீச்சிக் கையால் பிசைந்து பிசைந்து தேடினார்கள். சின்னப் பெட்டை ஒருத்தி, பிரண்டனோடு வேலை செய்கிறவள், முழங்காலில் நின்று ஒவ்வொரு கட்டியாக உடைத்தாள். அவளுடைய கை குளிரில் சிவந்து வீங்கியிருந்தது. மங்கையற்கரசி சுடுதண்ணீர்ப் போத்தல் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் நன்றி சொல்லி, "இன்றைக்குக் கண்டுபிடித்துவிடுவோம்," என்றாள். அந்தப் பிள்ளை எத்தனை வருசம் அரித்தாலும் அது அங்கே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். வெட்கமாக இருந்தது. அப்படி வெட்கப்பட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

பின்னேரம் பிரண்டன் ஒரு கடதாசியோடு வந்து சண்முகநாதனிடம் நீட்டினான். எலிதான் கொண்டுபோயிருக்க வேண்டும், இனித் தேடிப் பயனில்லை, திங்கட்கிழமை அவளைத் திரும்ப மூடிவிடுவோம் என்றான். இது காணிச் சொந்தக்காரர் கொடுக்க வேண்டிய வாக்குமூலம். இந்த இடத்திலிருந்து எனக்குத் தெரிய எதுவும் அகற்றப்படவில்லை என்று ஒரு கையெழுத்து.

"நான் வைக்கேலாது," என்றார் சண்முகநாதன். "வீடு அவவின்ரை பேரிலை."

பிரண்டன் ஆச்சரியமாகப் பார்த்தான். அது பெரிய கதை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போவது. சீதனமாக வந்த வீட்டை விட்டுவிட்டு அவள் இவரோடு முன்பின் தெரியாத நாட்டுக்கு வந்தாள். அதற்கு ஈடாக இங்கே வாங்குகிறதை அவள் பெயரில் எழுதுவேன் என்று அவர் சொன்னார், சொன்னபடி எழுதினார். அதனால் பேனை மங்கையற்கரசியின் கைக்கு வந்தது. அவள் அதைப் பிடித்தபடி நின்றாள்.

"திங்கட்கிழமை தாறன்," என்றாள்.

பிரண்டனும் ஆட்களும் போனதும் சண்முகநாதன் சமையலறைக்கு வந்தார். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். அவள் பயற்றங்காயை முறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனப்பா கையெழுத்து வைக்கேல்லை? வேலையை முடிச்சுக்கொண்டு போகட்டுமன்."

"அது எலி கொண்டு போகேல்லை."

"எது?"

"விரல்." அவள் நிமிரவில்லை. "நான்தான் எடுத்தனான். நீங்கள் முதல் நாள் கிண்டின மண்ணுக்கை கிடந்தது. பாலிலை கழுவிக் கொண்டுபோய் ஏரியிலை விட்டிட்டன்."

சண்முகநாதன் கதிரையை இழுத்து இருந்தார்.

"உனக்கென்ன விசரே," என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "ஆரின்ரையோ எலும்பு. பொலிசிலை சொல்லாமல்... ஏன் மங்கை?"

"தம்பியெண்டு நினைச்சு விட்டனான்."

"தில்லையோ."

"ஓம். தம்பியில்லை எண்டு எனக்குத் தெரியாதே? தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் விட்டனான். அவனுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. ஒரு சொட்டுப் பால் விடேல்லை. கையிலை ஒண்டு வந்துது. விட்டிட்டன்."

அவர் சாமியறையைப் பார்த்தார். எத்தனை நாளாக விளக்கு இல்லை என்று அப்போதுதான் எண்ணியிருக்க வேண்டும்.

"அதுதான் மீனும் இல்லையோ."

"ஓம்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமெல்லே. நானும் வந்து நிண்டிருப்பனே."

அவள் அடுத்த பயற்றங்காயை எடுத்து முறித்தாள். சண்முகநாதன் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார்.

"இஞ்சை பார். நடந்தது நடந்து போச்சு. இப்ப அது ஆருக்கும் தெரியாது. அவங்களே எலி எண்டு முடிவு கட்டிட்டாங்கள். நீ கையெழுத்தை வை. சொன்னால் பொலிசு, கோடு கச்சேரி எண்டு இழுபடவேணும். எங்களுக்குத் தேவையோ? கனடாவிலை இவ்வளவு நாள் ஒரு பார்க்கிங் ரிக்கற் கூட இல்லாமல் இருந்திட்டு."

"வைக்கலாம்."

"வை."

"இஞ்சாருங்கோ, லாண்ட்மாஸ்டர்க்காரரை ஞாபகம் இருக்கோ?"

சண்முகநாதனுக்கு ஞாபகம் இல்லாமலா. சந்திக் காவலரணில் தில்லையைப் பிடித்த அன்று பின்னேரம், அந்த ஊரில் லாண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டிப் புகையிலை ஏற்றுகிற ஒரு மனிதரை வண்டியோடு முகாமுக்குள் கூப்பிட்டார்கள். இரவு வெறும் வண்டியோடு திரும்பி வந்தவர், அடுத்த நாள் பெட்டியைக் கிணற்றடியில் வைத்து நாள் முழுக்கக் கழுவினார். ஊரே பார்த்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவள் மங்கையற்கரசி ஒருத்திதான்.

"ஒன்பது தரம் போனனான் அந்தாள் வீட்டை," என்றாள். "அந்தாளின்ரை மனிசி வாசலிலை நிண்டு, அவர் படுத்திருக்கிறார் பிள்ளை எண்டு சொல்லும். பட்டப்பகலிலை படுக்கை. பேந்து சந்தையிலை அந்தாளைக் கண்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு போகும். நான் கேட்டது என்ன? ஆர் சுட்டவன் எண்டு கேட்டனானோ? எங்கை கொண்டுபோய் விட்டனீங்கள், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வைச்சுக்கொண்டு இருவத்தேழு வருசம் இருந்திட்டு, முந்தநாள் மாதிரிச் செத்துப்போச்சு. மரண அறிவித்தல் வாட்சப்பிலை வந்தது. நான் அந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தனான் தெரியுமே."

"அந்தாளுக்கும் பயம், மங்கை. பிள்ளையள் இருந்தவை."

"ஓம். பயம்தான். உங்களுக்கும் பயம். எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதுதான் சொல்லுறன். அந்தாள் பொல்லாத மனிசன் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சனான். பொல்லாத மனிசன் இல்லை. இப்பிடித்தான் இருந்திருக்கும். ஒரு குசினிக்கை இருந்து, ஆருக்கும் தெரியாதுதானே எண்டு யோசிச்சிருக்கும்."

சண்முகநாதன் கையை நீட்டி ஒரு பயற்றங்காயை எடுத்து முறித்தார். பிறகு இன்னொன்று. தட்டில் இருந்தது முடியும்வரை இரண்டு பேரும் முறித்தார்கள்.

"திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லு," என்றார். "நானும் பக்கத்திலை நிக்கிறன்."

திங்கட்கிழமை காலையில் லிசெட் வழக்கம்போல எட்டு மணிக்கு வந்து கதிரையை விரித்தாள். மங்கையற்கரசி கோப்பி கொண்டுபோனாள். பின்னாலே சண்முகநாதன், நீலச் சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு இடுப்புப் பட்டி கட்டி, நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி வந்தார். துர்க்காவையும் நிற்கச் சொல்லியிருந்தார்கள். மங்கையற்கரசியிடம் பாக்டரி இங்கிலிஷ் இருந்தது. லிசெட்டிடம் பிரெஞ்சு வாடை அடிக்கிற இங்கிலிஷ். இரண்டையும் அப்படியே எழுதினால் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு நோகும் என்பதால் தமிழில் தருகிறேன்.

"அந்த விரலை நான் எடுத்தேன்," என்றாள் மங்கையற்கரசி.

எடுத்ததும், கழுவினதும், தண்ணீரில் விட்டதும் சொன்னாள். தம்பியைப் பற்றித் துர்க்கா சொன்னாள். தன் தாய் மாமனைப் பற்றி அவ்வளவு நீளமாக அவள் அதற்கு முன் ஒருவருக்கும் சொன்னதில்லை.

லிசெட் கோப்பியைப் புல்லில் வைத்துவிட்டு எழும்பினாள். சரிந்த வேலி வரைக்கும் நடந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கன நேரம் நின்றாள். சண்முகநாதன் இரண்டு முறை செருமினார். திரும்பி வந்தபோது அவளுடைய முகம் இறுகிப்போயிருந்தது.

"எங்கள் ஆட்களைத் தண்ணீரில் விடுவதில்லை," என்றாள். "எங்களுக்கு மண். எலும்பிலும் உயிர் இருக்கிறது என்பது எங்கள் நம்பிக்கை. அவளை முழுதாக வைக்கத்தான் நான் ஒன்பது மணித்தியாலம் கார் ஓடி வந்தேன்."

"தெரியாது. மன்னிக்க வேணும்."

"உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரிகிறது. கோபம் அதனால் போய்விடாது."

"போகாது," என்றாள் மங்கையற்கரசி. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

பிரண்டனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவன் தாடியைத் தடவிக்கொண்டு, இதை மாகாண அலுவலகத்துக்கு அறிவிக்காமல் இருக்க முடியாது, யாராவது வந்து விசாரிப்பார்கள், என்ன முடிவெடுப்பார்கள் என்று தனக்குச் சொல்லத் தெரியாது என்றான். கடதாசியில் எதுவும் அகற்றப்படவில்லை என்ற வரியைத் துர்க்கா வெட்டிவிட்டு, ஒன்றை நான் எடுத்தேன் என்று எழுதிக் கொடுத்தாள். மங்கையற்கரசி அதன்கீழ் தமிழில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

"மூடுவதை நாளைக்கு வைத்துக்கொள்வோம்," என்று லிசெட் பிரண்டனுக்குச் சொன்னாள். பிறகு மங்கையற்கரசியைப் பார்த்தாள். "அந்த இடத்தைக் காட்டுவீர்களா?"

சண்முகநாதனின் கொரோலாவில் போனார்கள். கடற்கரை போலவே மணல் இருக்கிற அந்தக் கரையில் திங்கட்கிழமை என்பதால் சனம் இல்லை. ஒரு சீனத்து மனிதர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். சண்முகநாதனும் துர்க்காவும் காரடியில் நின்றுவிட்டார்கள். பெண்கள் இரண்டு பேரும் தண்ணீர்க்கரைக்கு நடந்தார்கள்.

"எந்த இடம்?" என்று கேட்டாள் லிசெட்.

மங்கையற்கரசி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினாள். ஆறு வந்து ஏரியோடு கலக்கிற திட்டுக்கு இடப்பக்கம், முழங்கால் அளவில் நின்றாள். "இந்த இடம்."

லிசெட் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, காற்சட்டையை மடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எத்தனை மணி?"

"பின்னேரம் நாலரை. ஞாயிற்றுக்கிழமை. வெயில் இருந்தது."

"தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது?"

மங்கையற்கரசி கையை நீட்டிக் கிழக்கே காட்டினாள். "மெதுவாகத்தான் போனது. உடனே தாழவில்லை. துணி முதலில் மிதந்தது, நான் துணியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அது இந்த இடத்தில், இந்தக் கல்லுகளுக்கு அங்காலே போனது. அதுவரைக்கும் கண்டேன்."

"எப்படி விட்டீர்கள்? எறிந்தீர்களா?"

"இல்லை, இல்லை." குனிந்து இரண்டு கையையும் சேர்த்துத் தண்ணீருக்குள் தாழ்த்தி விரித்துக் காட்டினாள். "இப்படி."

"ஏதும் சொன்னீர்களா?"

"என் தம்பியின் பெயரைச் சொன்னேன். பிழையான பெயர்தான். ஆனால் அன்பாகச் சொன்னேன்."

லிசெட் ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்கிறவள் மாதிரிக் கேட்டுக்கொண்டாள். ஊருக்குத் திரும்பிப் போய்த் தன் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் ஒன்றும் விடாமல் கேட்பார்கள் என்றாள். மங்கையற்கரசிக்குத் தெரியும். என்ன நேரம், எந்தப் பக்கம், எறிந்தார்களா, மெதுவாக வைத்தார்களா, யாராவது ஏதாவது சொன்னார்களா. இந்தக் கேள்விகளைத்தான் அவள் ஒன்பது தரம் ஒரு வாசலுக்குக் கொண்டுபோய் ஒன்பது தரம் திருப்பிக் கொண்டுவந்தாள். கேட்கிற பக்கத்தில் நின்றே பழகினவளுக்கு, சொல்கிற பக்கத்தில் நின்று பதில் சொல்வது எவ்வளவு சின்ன வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைக்காமல் நின்று, கேட்டதற்கெல்லாம் ஒன்றுகூட விடாமல் சொன்னாள்.

லிசெட் கல்லுகளுக்கு அப்பால் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவளுடைய முகத்தில் இருந்த இறுக்கம் குறைந்திருந்தது. கடைசியாக ஒன்று கேட்டாள்.

"அவள் தனியாகப் போனாளா?"

"இல்லை," என்றாள் மங்கையற்கரசி. "நான் இருந்தேன்."